வீட்டு நடையை நாமே புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பெருந்துறைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. அப்பாரு (தாத்தா) காலத்தில் கட்டியது. ஆசாரத்திலிருந்து (முன்கூடம்) பொடக்காளி (கொல்லைப்புறம்) வரைக்கும் நேராக ஓடும் நடை 18 அடி நீளம், மூன்றரை அடி அகலம், பத்தடி உயரம். முன்பாதிக்கு ஓட்டுக்கூரை, பின்பாதிக்குப் பிற்பாடு போட்ட காங்கிரீட். தை நோம்பி (பொங்கல்) முடிந்த கையோடு ஆரம்பித்து, சித்திரை கடைசிக்குள் இந்த நடையை நானும் என் மனைவியும் தம்பியும் சேர்ந்து புதுப்பித்தோம். வீட்டுக்கு வருகிற பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவற்றுக்கு நிதானமாகப் பதில் எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, நடையில் போய்க் கை வைப்பானேன்?

வீட்டில் எல்லோருடைய காலும் படுகிற இடம் அதுதான். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சைக்கிள், ஆட்டுக்குட்டி எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். சுவர் உரசி அழுக்காகும், தரை முதலில் தேயும். அதே சமயம் கற்றுக்கொள்வதற்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர்க் குழாய் இல்லை, சிங்க் இல்லை, அலமாரி இல்லை. இரண்டு நேர்ச்சுவர், ஒரு நீளத் தரை, அவ்வளவுதான். இங்கே கை பழகிவிட்டால் அடுத்து ஒரு அறையைத் தைரியமாக எடுத்துச் செய்யலாம்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? பெயிண்டா, டைல்ஸா?

இரண்டும் இல்லை, முதலில் ஓதம், அதாவது சுவரில் ஏறியிருக்கும் ஈரம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் நடையில் பொடக்காளிப் பக்கச் சுவர் முழங்கால் உயரம் வரைக்கும் பொரிந்து பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், விருந்தாள் வருகிறார்கள் என்று அவசரப்பட்டு, அந்த ஈரச் சுவர் மேலேயே பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) இழுத்துப் பெயிண்ட் அடித்தேன். ஒரு வாரம் கண்ணாடி மாதிரி இருந்தது. மாசிக்குள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, விரலால் தொட்டால் பொலபொலவென்று வெள்ளை மாவாகக் கொட்டியது. அந்த மாவு சுவருக்குள் இருந்த உப்பு. ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது, சுவரின் மேல்தோலில் தண்ணீர் காய்ந்து போகிறது, உப்பு மட்டும் அங்கேயே தங்கிப் படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. மேலே எத்தனை கை பெயிண்ட் அடித்தாலும் அது தள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரைக் கொஞ்ச நாள் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரைக்கும் ஏறி, அதற்குமேல் ஒரு கறைக்கோடு போட்டு நின்றிருந்தால் அது மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம். மேலிருந்து கீழே வழிந்த கறை என்றால் கூரையில் ஓடு விலகியிருக்கும் அல்லது காங்கிரீட்டில் விரிசல் இருக்கும். ஒரே இடத்தில் வட்டமாக ஈரம் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் குழாயோ குளியலறையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை எடுத்து நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் தீர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் காரணம் வெளியே இருந்தது. பக்கத்துச் சந்துக்கு ஒவ்வொரு தடவை காங்கிரீட் போடும்போதும் சந்து ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் நடைத் தரையைவிட ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. மழைத்தண்ணீர் சுவரோரம் நின்று உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கிராமத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இதே கதைதான். சுவரோரம் ஒரு சிறு வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை வெளியே திருப்பி விட்டோம். இரண்டு நாள் வேலை. உள்ளே செய்த மற்ற எல்லா வேலையையும் விட அதுதான் பெரிய வேலை என்று இப்போதும் சொல்வேன்.

ஓதம் பிடித்த பூச்சை என்ன செய்வது?

கறைக்கோட்டுக்கு மேலே இன்னொரு அடி வரைக்கும் சேர்த்துக் கொத்தி எடுத்துவிட வேண்டும். கல்லில் ஒட்டியிருக்கும் உப்பைக் காய்ந்த கம்பிப் பிரஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்தான் போகும். அப்புறம் காய விட வேண்டும். மாசி பங்குனி வெயிலிலும் ஒரு மாதமாவது விடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் உள்ளே வரைக்கும் காய்வதற்கு அதற்கும் மேலேயே ஆகும். நாங்கள் ஆறு வாரம் விட்டோம். ‘எப்பத்தாங்க முடியும்?’ என்று வீட்டில் தினமும் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுபூச்சுக்குச் சிமெண்டா, சுண்ணாம்பா?

முதலில் சுவர் எதனால் கட்டியது என்று பாருங்கள். கொத்தி எடுத்த இடத்தில் செங்கல் இடுக்கில் ஒரு ஆணியால் கீறுங்கள். சாம்பல் நிறத்தில் கீறல் விழாமல் கெட்டியாக இருந்தால் சிமெண்ட். வெள்ளையாகவோ மங்கலாகவோ பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. செம்மண்ணாகக் கொட்டினால் மண்சாந்து.

சிமெண்ட் கட்டுமானம் என்றால் ஒன்றுக்கு நாலு கலவையில், ஈரம் தடுக்கும் திரவத்தை டப்பாவில் போட்ட அளவுக்குச் சேர்த்துப் பூசலாம். பி-சாண்ட் (பூச்சுக்கென்று அரைத்த மணல்) வாங்குங்கள், எம்-சாண்டில் (கல்லை அரைத்த மணல்) கட்டு வேலைக்கு உள்ளது பூச்சுக்குக் கரகரவென்று இருக்கும். சுண்ணாம்பு அல்லது மண்சாந்துச் சுவர் என்றால் தயவு செய்து சிமெண்ட் பூச வேண்டாம். அந்தச் சுவர் மூச்சு விடுகிற சுவர். உள்ளே வந்த ஈரம் பூச்சு வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். சிமெண்டால் மூடினால் ஈரத்துக்கு வழி கிடைக்காமல் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேல்பக்கம் புதுக் கறையாக வந்து நிற்கும்.

சுண்ணாம்புப் பூச்சை நாமே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் ஒரு தடவையாவது அனுபவப்பட்ட கொத்தனார் கூட நின்று செய்யுங்கள். எங்களுக்கு ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனார் இரண்டு நாள் வந்து காட்டிக் கொடுத்தார். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடுக்காயைத் தட்டிப் போட்டு வெல்லத்தோடு சில நாள் ஊற வைத்த தண்ணீரைக் கலவைக்கு ஊற்றினார். ‘கரண்டியத் தலகீழாப் புடிங்க கண்ணு, கலவை விழுகாம நின்னா அதுதான் பதம்’ என்றார். அன்றைக்கு நாலு தடவை கலந்த பிறகுதான் எனக்கு அப்படி நின்றது.

கல்சுண்ணாம்பை வாங்கி நீங்களே நீற்றுவதானால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் கிட்டேயே போகாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நீற்றிய தூளாக மூட்டையிலும் கிடைக்கிறது, வீட்டு வேலைக்கு அதுவே போதும்.

பூச்சு ஒரு கைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கெட்டிப்படும், அதனால் சிமெண்டைப் போல மறுநாளே இறுகாது. சில நாளைக்கு லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, நேர் வெயிலும் காற்றும் அடிக்காமல் சாக்கு கட்டித் தொங்கவிட வேண்டும்.

எந்த மாதம் ஆரம்பிப்பது நல்லது?

தையிலிருந்து சித்திரை வரைக்கும். நம் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான்; அந்த இரண்டு மாதத்தில் பூச்சும் காயாது, பெயிண்டும் காயாது. ஆனி ஆடியில் மழை குறைவுதானே என்று நினைக்கலாம். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கமெல்லாம் மண்ணை வாரிக்கொண்டு வரும். முன்கதவும் பின்கதவும் நேராக இருக்கிற நடையில் ஈரப் பெயிண்ட் மேல் அந்தத் தூசு ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஆகிவிடும். பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் வெள்ளையடித்தே ஆகவேண்டும் என்று மார்கழியில் அவசரப்படுகிறவர்கள் வெறும் வெள்ளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூச்சு வேலையைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எந்தெந்த வேலையை நாமே செய்யலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்?

கொத்தி எடுப்பது, சுத்தம் செய்வது, பட்டி, பெயிண்ட், டைல்ஸ் பதிப்பது, கதவுக்கு மெருகு கொடுப்பது எல்லாம் நாமே செய்யலாம். பூச்சு நடுத்தரம்: பொறுமை இருந்தால் முடியும், ஆனால் முதல் சுவர் கோணலாகத்தான் வரும். ஓட்டுக்கூரை மேல் ஏறுவதற்குப் பழகிய ஆள் வேண்டும். கரண்ட் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள், அதில் பேச்சே வேண்டாம்.

கருவிகள் எச்சாக வாங்கிக் குவிக்க வேண்டாம். ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், இரண்டு கரண்டி, மணியாசுக் கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் கட்டை), பட்டி பிளேடு, பல் கரண்டி, ரப்பர் சுத்தியல், ரோலர், இரண்டு பிரஷ் போதும். டைல்ஸ் வெட்டும் கைமெஷினை வாடகைக்கு எடுத்தோம். கிரைண்டரில் வெட்டுவதானால் கண்ணாடியும் நல்ல முகக்கவசமும் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. வேட்டி, லுங்கி, துண்டு எதுவும் தொங்கிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கக்கூடாது. பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், காலுக்குச் செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

கரண்ட் வேலையில் நாம் என்னதான் சொல்லலாம்?

என்ன வேண்டும் என்று சொல்லலாம், அது முக்கியம். நடைக்கு இரண்டு முனையிலும் சுவிட்ச் கேளுங்கள். ஆசாரத்துப் பக்கம் போட்டுவிட்டுப் பொடக்காளிப் பக்கம் அணைக்க வேண்டும். மாடிப்படிக்குச் செய்கிற அதே டூ-வே இணைப்புதான். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாவிட்டால் இந்தச் சாக்கிலாவது வைத்துவிடுங்கள். ஈரக்கையோடு பொடக்காளியிலிருந்து வருகிற வழியில் அது உயிரைக் காக்கிற சாமான். சுவரில் காடி (வயர் பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டும் வேலையெல்லாம் பூச்சுக்கும் பட்டிக்கும் முன்னாலேயே முடிய வேண்டும். காடியை மூடுவதற்கு முன்னால் பைப் போகிற வழியை அளவு டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோதான் பேசும்.

பழைய காவித் தரை இருக்கிறது. உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாமா?

நன்றாக இருந்தால் உடைக்காதீர்கள். இதை நான் மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சிமெண்டோடு சிவப்பு ஆக்சைடு கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அந்தத் தரை மாதிரி இன்றைக்குப் போட ஆள் தேட வேண்டும். வெயில் காலத்தில் அதில் வெறும் உடம்போடு படுத்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. அழுக்கு ஏறியிருந்தால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் துளித் தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்தால் நிறம் எழும்பி வரும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், கவனம். ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சிமெண்டைத் தின்றுவிடும்.

முடியிழை விரிசல் கெடுதல் இல்லை. ஆனால் சுத்தியல் கைப்பிடியால் தட்டிப் பார்க்கும்போது ‘டொப்டொப்’ என்று பொள்ளல் சத்தம் வந்தாலோ, பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தாலோ ஒட்டுப்போடுவது கஷ்டம். புதுக் கலவை பழைய நிறத்தோடு சேரவே சேராது. எங்கள் நடையில் முக்கால்வாசி பெயர்ந்துவிட்டது. அதனால்தான் டைல்ஸுக்குப் போனோம். ஆசாரத்துக் காவித் தரையை இன்னும் தொடவில்லை.

எத்தனை டைல்ஸ் வாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

18 அடிக்கு மூன்றரை அடி, 63 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு அடி டைல் ஒரு பெட்டியில் நாலு, கிட்டத்தட்ட பதினைந்தரை சதுர அடி. அப்படியானால் ஐந்து பெட்டி என்று கடையில் சொல்லிவிடுவார்கள். நாங்கள் காகிதத்தில் வரைந்து பார்த்தோம்.

இரண்டடி டைல் என்று சொன்னாலும் உண்மை அளவு 60 சென்டிமீட்டர், அதாவது இருபத்து மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. நடை அகலம் 42 அங்குலம். ஒரு முழு டைல், பக்கத்தில் பதினெட்டு அங்குலச் சொச்சத்துக்கு வெட்டிய துண்டு. நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து முழு டைலாகவே அடுக்கிக்கொண்டு போனால் கடைசியில் மூன்றரை அங்குலத்துக்கு ஒரு கீற்று மிஞ்சும். அந்தக் கீற்று பார்க்கவும் அசிங்கம், கால் பட்டு உடையவும் செய்யும். அதற்குப் பதில் நடுவில் எட்டு வரிசை முழு டைல், இரண்டு முனையிலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு வெட்டிய வரிசை என்று பிரித்தோம். மொத்தம் 20 டைல். வெட்டி மிஞ்சிய ஐந்து அங்குல, பத்து அங்குலத் துண்டுகளைக் கூட்டினால் நாலு அங்குல ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் ஓரப்பட்டை) 30 அடிக்கு மேல் தேறியது. மூன்று கதவு போக எங்களுக்குத் தேவை 27 அடிதான். ஆறு பெட்டி வாங்கினோம், நாலு டைல் மிஞ்சி அட்டாலியில் (பரணில்) இருக்கிறது. அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் பின்னால் கிடைக்காது என்பதால் நாலு டைல் மிச்சம் வைப்பது நல்லதுதான்.

பளபளவென்று மின்னும் டைலைக் கடையில் காட்டுவார்கள். நடைக்கு வேண்டாம். பொடக்காளியிலிருந்து ஈரக்காலோடு வருவார்கள். மேட் பினிஷ் எடுங்கள். கடையிலேயே டைல் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள்.

ஆள் நடமாட்டத்தை நிறுத்த முடியாதே, டைல்ஸ் எப்படிப் பதிப்பது?

அரை அரையாக. முதல் நாள் முழு டைல் வரிசையை மட்டும் நீளவாக்கில் பதித்துவிட்டு, பதினெட்டு அங்குலப் பக்கத்தை வழியாக விட்டோம். ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். அடுத்த நாள் சாயங்காலம் முதல் பாதி இறுகிய பிறகு மறுபாதி. இதற்கு வேண்டியது ஒன்றுதான்: முதல் வரிசை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். நடையின் நடுவில் சுண்ணாம்பு நூல் அடித்துக்கொள்ளுங்கள். சுவரை நம்பி ஆரம்பிக்காதீர்கள். எங்கள் சுவர் 18 அடியில் முக்கால் அங்குலம் விலகியிருந்தது, அந்த விலகலை ஸ்கர்ட்டிங் மறைத்துவிட்டது.

விட்ரிஃபைட் டைல் தண்ணீரை அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது. டைல் பசை மூட்டை வாங்குங்கள். தண்ணீரில் பசையைக் கொட்டிக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்கிப் பயன்படுத்த வேண்டும். பங்குனி வெயிலில் சட்டென்று இறுகிவிடும். ஒரு நேரத்துக்கு நாலு டைலுக்கு மட்டும் கலக்குங்கள். இறுகியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பிடிப்பு போய்விடும். தரையில் பல் கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைலை வைத்து லேசாக முன்னும் பின்னும் அசைத்து அழுத்துங்கள். முதல் டைலை ஒரு தடவை தூக்கிப் பின்பக்கம் பாருங்கள்: பசை முழுக்க ஒட்டியிருக்க வேண்டும், வெற்றிடம் இருந்தால் அங்கேதான் நாளைக்கு சிலிண்டர் இடித்து உடையும். இடைவெளிக்கு 2 மில்லிமீட்டர் ஸ்பேசர். 24 மணி நேரத்துக்குப் பிறகு கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை).

கதவுகளை மறந்துவிடாதீர்கள். டைலும் பசையும் சேர்ந்து தரை அரை அங்குலத்துக்கு மேல் ஏறும். பதிப்பதற்கு முன்னாலேயே கதவைக் கழற்றி அடிப்பக்கம் இழைத்துவிட வேண்டும்.

பட்டி பார்ப்பதில் என்ன ரகசியம்?

ரகசியம் விளக்கில் இருக்கிறது. அறைச் சுவரில் தெரியாத மேடுபள்ளம் நடைச் சுவரில் தெரியும். காரணம், நடைக்கு வெளிச்சம் கதவு வழியாகப் பக்கவாட்டில் வந்து சுவரை உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் ஒரு நிழல் விழும். அதனால் பொழுது சாய்ந்தபின் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். நிழல் விழுகிற இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வைத்து, மறுநாள் அந்த இடங்களுக்கு மட்டும் பட்டி. நாங்கள் முதல் ராத்திரி போட்ட வட்டம் அறுபதுக்கு மேல் இருந்தது. மூன்றாம் ராத்திரி ஏழு.

சுவர் 300 சதுர அடி என்றால் பட்டி 20 முதல் 30 கிலோ, மோசமான சுவர் என்றால் 40 கிலோ மூட்டையே காலியாகும். பட்டி இரண்டு கையும் மெல்லிசாக இருக்கட்டும், தடித்தால் விரியும். காய்ந்ததும் உப்புத்தாள், தூசு துடைத்துப் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை, எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) இரண்டு கை. எமல்ஷன் இரண்டு கைக்கும் சேர்த்து லிட்டருக்கு 50 முதல் 70 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆறு லிட்டர் போதும். புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் நாலு வாரம் ஆறிய பிறகுதான் பெயிண்டைத் தொடவேண்டும்.

இதெல்லாம் சிமெண்ட் சுவருக்கு. சுண்ணாம்புச் சுவருக்கு எமல்ஷன் ஆகாது, அதுவும் ஒரு பிளாஸ்டிக் தோல்தான். நாங்கள் பழைய பாதிக்குச் சுண்ணாம்பு வெள்ளையே மூன்று கை அடித்தோம், கொஞ்சம் அரிசிக்கஞ்சித் தெளிவும் துளி நீலமும் சேர்த்து. பால் மாதிரித் தண்ணியாக அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, காயக் காய வெளுக்கும்.

கதவுக்குப் பின்னால் ஆத்தா கரிக்கட்டையில் போட்ட பால் கணக்கு ஒரு முழ அகலத்துக்குக் கோடு கோடாக இருந்தது. என் மனைவி அந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, ‘இத மட்டும் விட்ருங்க’ என்றாள். விட்டோம்.

பழைய கதவு நிலவுகளை (நிலைச் சட்டங்களை) எப்படிச் சுரண்டுவது?

காய்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பெயிண்டைத் தேய்த்த தூசு குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். ஈரம் போட்டு, நீரில் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து, சேற்றைத் துணியில் வழித்து எடுங்கள். குழந்தைகளை அன்றைக்கு அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நிலவின் அடிப்பாகத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் செல்லரித்திருக்கிறது. அங்கே பெயிண்ட் அடித்துப் பயனில்லை. அரித்ததை வெட்டி எடுத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிட்டு ஒட்டுக்கட்டை வைக்க வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவது நம் பக்கத்துப் பழைய வைத்தியம், வேலையும் செய்யும். ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நடை பகலிலேயே இருட்டாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஓட்டுக்கூரை உள்ளவர்களுக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. ஒரு கண்ணாடி ஓடு போதும். பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு வேறு, பொருந்தாவிட்டால் மழை உள்ளே வரும். காலையில் பத்து மணிக்கு எங்கள் நடைத் தரையில் ஒரு சதுர வெயில் விழுகிறது. பூனை அங்கேதான் படுக்கிறது.

காங்கிரீட் பாதிக்கு 9 வாட் எல்இடி இரண்டு, 3000 அல்லது 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்). 6500 என்று போட்டிருக்கும் நீல வெள்ளை குறுகின நடையில் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

தரையில் படி, வாசற்படி மேடு எதுவும் நடுவில் வரக்கூடாது. ஒரு பக்கச் சுவரில் 32 முதல் 36 அங்குல உயரத்தில் கைப்பிடிக் கம்பி. அதைச் சுவரின் செங்கல்லில் பிடிக்க வேண்டும், பூச்சில் பிடித்தால் சாய்கிற நேரத்தில் கையோடு வந்துவிடும். ராத்திரி பொடக்காளிக்குப் போகிறவர்களுக்குக் கணுக்கால் உயரத்தில் ஒரு சின்ன விளக்கு. எங்கள் அம்மா முதல் வாரம் ‘எனக்கு எதுக்குடா கம்பி?’ என்றார்கள். இப்போது ஈரச்சேலையோடு வரும்போது கை தானாகக் கம்பிக்குப் போகிறது.

சுவரை இடித்து நடையை அகலப்படுத்தலாமா?

பொறியாளர் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் மேலே விட்டமோ காங்கிரீட்டோ அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

ஃபால்ஸ் சீலிங் போடலாமா?

ஓட்டுக்கூரைக்கு அடியில் வேண்டாம். எலியும் அணிலும் குடி வரும், கூரை ஒழுகுவதும் தெரியாமல் போகும்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

கை வேலை மட்டும் கணக்குப் போட்டால் எங்களுக்கு 19 நாள். காய விட்ட நாளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட நாலு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்தாலும் நடக்கும், ஏனென்றால் பாதி நாள் சுவர் காய்வதற்காகக் காத்திருப்பதுதான். வரிசை மட்டும் மாறக்கூடாது: வெளியே தண்ணீர் வழி, கூரை, கொத்துவது, காய விடுவது, கரண்ட், பூச்சு, பட்டி, பிரைமர், பெயிண்ட் முதல் கை, தரை, ஸ்கர்ட்டிங், அப்புறம் பெயிண்ட் கடைசிக் கை. கடைசிக் கையை முன்னாலேயே அடித்துவிட்டால் டைல்ஸ் வேலையில் சுவரெல்லாம் பசை தெறிக்கும்.

மிஞ்சின பெயிண்டை என்ன செய்வது?

சின்ன டப்பாவில் வாய் வரைக்கும் ஊற்றி இறுக மூடுங்கள். காற்று இருந்தால் ஆடை கட்டிவிடும். மூடி மேல் நிற எண்ணும், அடித்த மாதமும், எந்தச் சுவர் என்பதும் எழுதி, டைல்ஸோடு சேர்த்து அட்டாலியில் வையுங்கள். எங்களுக்கு ஆவணியிலேயே தேவைப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று சோபாவை உள்ளே தூக்கும்போது சுவர் மூலை உடைந்தது. மறுநாள் வெள்ளனே அரை மணி நேரத்தில் சரி செய்தோம்.